ஆறுதல்புரத்துத் தொட்டிகள்

ஆறுதல்புரம் தூய மத்தேயு ஆலயத்தில் ஞானஸ்நானத் தொட்டிகள் இரண்டு இருந்தன. அதனால் அங்கே யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை.

முதல் தொட்டி கருங்கல். ஏரல் போகும் வழியில் ஆற்றை ஒட்டி அந்தக் கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரர் காலத்தில் வைத்தது. ஊரில் பாதிப் பேர் அதில் தலை நனைந்தவர்கள்தான். இரண்டாவது தொட்டி வெள்ளைப் பளிங்கு. சபைக் கமிட்டிச் செயலாளரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான அப்பாத்துரை, காலஞ்சென்ற தம் தாயார் பாக்கியவதி அம்மாளின் நினைவாகக் கொடுத்தது. தொட்டியைச் சுற்றி ஒரு வேதவசனம் பொறித்திருந்தது. அதற்கு மேலே, வசனத்தைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில், கொடுத்தவரின் பெயரும் பட்டங்களும் வகித்த பதவிகளும் இருந்தன.

புதிய தொட்டி வந்ததும் பழைய தொட்டியை மணிக்கூண்டின் அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஏரலில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கும் தங்கக்கண், 'மூதாதையரின் விசுவாசத்தை மூலையில் போட்டுவிட்டார்கள்' என்று வழக்குத் தொடுத்தார். அவர் சபையின் எதிர்க்கட்சித் தலைவர். சபைக்குள் எதிர்க்கட்சி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆறுதல்புரத்தில் யாரும் கேட்பதில்லை. தீர்ப்பு வரும்வரை இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்றது நீதிமன்றம். ஆகவே பழைய தொட்டி கூண்டடியிலேயே இருந்தது. தங்கக்கண் அதற்குக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டினார். புதிய தொட்டியைப் பேராயர் வந்து பிரதிஷ்டை செய்யும்வரை தொடக்கூடாது என்று பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவைத்தார் அப்பாத்துரை. வழக்கு நடக்கும் கோயிலுக்குப் பேராயர் வருவதில்லை. ஊர்ப்பிள்ளைகள் ஞானஸ்நானம் இல்லாமலேயே பல் முளைத்து நடை பழகினார்கள். ஓரிருவர் ஞாயிறு பள்ளியில் பரிசும் வாங்கினார்கள்.

இந்த நிலையில்தான் பெனோவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பெனோ, சபை நடத்தும் உயர்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளன். தற்காலிகம். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் 'வார வருஷம் நிரந்தரம்' என்று சொல்வார்கள். ஆலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுவான். கடைசி வரிசையில் நின்றாலும் அவன் குரல் வாசல்வரை கேட்கும். பாடாத நேரத்தில் அவனுக்குக் குரல் உண்டா என்பதே சந்தேகம். மனைவி ஸ்டெபி ராதாபுரத்துப் பக்கம். தண்ணீர் இல்லாத ஊரில் வளர்ந்தவர்கள் வார்த்தையையும் சிக்கனமாகச் செலவழிப்பார்கள். அவள் செலவழித்த வார்த்தைகள் நேரே போய்த் தைக்கும்.

பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் எடை கூடட்டும், அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று மதுரை டாக்டர்கள் சொன்னார்கள். அழுதால் உதடு நீலம் பாரித்துவிடும். அதனால் வீட்டில் யாரும் அவளை அழவிடுவதில்லை. பெனோவின் குடும்பத்தில் ஒரு வழக்கம்: பிள்ளையின் பெயரை முதன்முதலில் ஞானஸ்நானத்தின்போதுதான் வாய்விட்டுச் சொல்வார்கள். அதுவரை பாப்பாதான். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் 'ஸ்டெபியின் குழந்தை' என்று எழுதியிருந்தது.

"பேரு இல்லாம இவள நான் கத்திக்கு அனுப்ப மாட்டேன்," என்றாள் ஸ்டெபி. "அதுக்கு முன்னால ஞானஸ்நானம் குடுத்தாகணும். ஐயரப் போய்ப் பாருங்க."

சபையின் குருவானவர் ஞானசிகாமணி ஐயர் நல்லவர். அவரைப் பற்றி இரண்டு கட்சியும் சொன்ன ஒரே குறை அதுதான். பெனோ சொன்னதையெல்லாம் கேட்டு அவர் கண் கலங்கினார். மேசைமேல் இருந்த மிக்சர் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, எனக்கு ஒரு தடையும் இல்ல. நான் இருக்கேன், தண்ணி இருக்கு, பிள்ளை இருக்கு."

"அப்போ என்ன ஐயா?"

"தொட்டி இல்லையே."

"ரெண்டு இருக்கே ஐயா."

"அதான் தம்பி."

பெனோ மிக்சர் தட்டைப் பார்த்தான். "ஒரு கிண்ணத்துல தண்ணிய எடுத்து..."

ஐயர் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "கிண்ணமா? இந்த ஊர்ல ரெண்டு தொட்டி, ரெண்டு கட்சி. கிண்ணம்னு ஒண்ணு வந்துச்சுன்னா மூணாவதா ஒரு கட்சி கெளம்பிரும். நான் மே மாசம்வரை இங்கன இருக்கணும்லா? மகளுக்கு பன்னெண்டாம் வகுப்பு. நீ ஒண்ணு செய்யி, அப்பாத்துரை சார்வாளப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லாத."

அப்பாத்துரை பள்ளியின் தாளாளரும்கூட. தாளாளர் அறையில் அவருக்குப் பின்னால் அவருடைய படமே மாட்டியிருந்தது. பெனோ நின்றான். உட்காரச் சொல்லும் பழக்கம் அந்த அறையில் இல்லை.

"கேள்விப்பட்டேன் வே," என்றார் அப்பாத்துரை. "உம்ம பிள்ளைக்காகத் தினமும் முழங்கால்ல நிக்கேன். ஆனா பாரும், அந்தத் தொட்டில முதல் தண்ணி என் பேரனுக்குத்தான். அது எங்க அம்மாவோட கடைசி ஆசை."

பாக்கியவதி அம்மாள் இறந்தபோது அந்தப் பேரனின் பெற்றோருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. ஆனால் பெனோ கேட்டது வேறு.

"பேரன் எங்க இருக்கான் சார்வாள்?"

"துபாய்ல. லீவு கெடைக்கணும்லா. எல்கேஜி சேத்தாச்சு."

"சார்வாள், டாக்டரு தேதி குறிச்சிட்டாரு. எம் பிள்ளைக்கு..."

"ஒரு பிள்ளைக்காகச் சபையோட ஒழுங்க ஒடைக்க முடியுமா வே?" அப்பாத்துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பாடம் நடத்தும் குரல் வந்துவிட்டது. "நல்ல மேய்ப்பன் தொண்ணூத்தொம்பது ஆட்ட விட்டுட்டு காணாமப் போன ஒண்ணத் தேடிப் போனான்னு பிரசங்கம் பண்ணுதோம். நானும் பண்ணியிருக்கேன். ஆனா யோசிச்சுப் பாரும். அந்தத் தொண்ணூத்தொம்பதுட்ட ஒரு வார்த்த கேட்டானா? தீர்மானம் போட்டானா? ஒண்ணும் கெடையாது. அன்பு இருந்துச்சு, ஒத்துக்கிடுதேன். ஆனா அது நிர்வாகம் இல்ல."

பெனோ தலையை ஆட்டினான். கதவருகே போனபோது அப்பாத்துரை பின்னாலிருந்து சொன்னார்: "உம்ம நியமன ஃபைலு என் மேசையிலதான் இருக்கு வே. மறக்கல. நீரும் மறக்காதியும்."

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸ்டெபி, "சரி, மத்த ஆளப் பாருங்க," என்றாள்.

தங்கக்கண் மண்டியில் தார்களுக்கு நடுவே உட்கார்ந்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். பெனோவைக் கண்டதும் எழுந்துவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அவன் சட்டையில் வாழைக்கறை பட்டது.

"ஏலே, நீ வருவேன்னு எனக்குத் தெரியும். நம்ம தொட்டில குடுப்போம். உங்க அப்பா நனைஞ்ச தொட்டி, நீ நனைஞ்ச தொட்டி. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஜனம் வெளிய வார நேரம், கூண்டுப் பூட்ட ஒடைச்சு உள்ள போறோம்."

"பூட்டு உங்க பூட்டுல்லா அண்ணாச்சி? சாவி..."

"சாவி இங்கனதான் இருக்கு," தங்கக்கண் இடுப்பைத் தட்டினார். "ஆனா ஒடைச்சாத்தான் போட்டோல நல்லா இருக்கும். பத்திரிகைக்காரங்க வாராங்க. நீ ஒண்ணும் பேச வேண்டாம். பிள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னாப் போதும். அழுதான்னா ரொம்ப நல்லது."

"அவ அழக்கூடாது அண்ணாச்சி. ஒதடு நீலமாயிரும்."

தங்கக்கண் அவனை அக்கறையோடு பார்த்தார். "போட்டோல தெரியுமா?"

பெனோ பைய நழுவி பஸ் ஏறினான். தங்கக்கண்ணிடம் அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனுடைய சுபாவம் அது. ஆறுதல்புரத்தில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

அந்த ஞாயிறு பத்திரிகைக்காரர்கள் வராததால் பூட்டு உடையவில்லை. அடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனைக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது, ஸ்டெபி அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டாள். மின்கம்பத்தின் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். 'பச்சிளம் சிசுவுக்கு ஞானஸ்நானம் மறுத்த கல்நெஞ்சர்களே, பதில் சொல்லுங்கள்!' நடுவில் கைகூப்பிய தங்கக்கண். மூலையில், சிவப்பு இதயம் ஒன்றுக்குள் அவள் பிள்ளை. ஜெபக்குறிப்புக்காகச் சபை வாட்ஸப் குழுவில் பெனோ போட்டிருந்த படம். இதயத்தில் ஓட்டை என்பதை விளங்கவைக்க, வரைந்தவர் ஒரு பக்கத்தில் வட்டமாக ஒரு துளையும் போட்டிருந்தார்.

அவர்கள் மதுரை போய்த் திரும்புவதற்குள் சாலையின் மறுபக்கத்தில் இன்னொன்று முளைத்துவிட்டது. 'பிஞ்சு உயிரை வைத்துப் பிழைப்பு நடத்தும் அற்பர்களே!' அதில் அப்பாத்துரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பிள்ளை, அதே படம். வித்தியாசம் தெரிய வேண்டும் என்று இடவலமாகத் திருப்பியிருந்தார்கள்.

"பேரில்லாத பிள்ளைக்கு ரெண்டு பிளக்ஸு," என்றாள் ஸ்டெபி.

பிளக்ஸ்களால் ஒரு நன்மை உண்டாயிற்று. விஷயம் வெளியூர்வரை போய்விட்டதால் அவசரக் கமிட்டி கூடியது. பொருள்: 'குழந்தையின் விஷயம்'. கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். பெனோவும் ஸ்டெபியும் பிள்ளையோடு வராந்தாவில் காத்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே நடந்ததெல்லாம் கேட்டது.

முதலில் அப்பாத்துரை ஜெபித்தார். "ஆண்டவரே, சமாதானத்தின் சபையில் கலகம் உண்டாக்குகிறவர்களை நீர் அறிந்திருக்கிறீர். அவர்களுடைய மண்டித் தராசில் எடை குறைவதையும் அறிந்திருக்கிறீர்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். உடனே தங்கக்கண் கண்ணை மூடிக்கொண்டார். "சர்வ வல்லவரே, பள்ளிக்கூடக் கட்டட நிதியில் வாங்கிய சிமெண்டு யாருடைய வீட்டு மாடியில் இறுகிப்போயிருக்கிறது என்பதை நீர் வெளிப்படுத்தும்." அதற்கும் ஆமென் சொன்னார்கள். இப்படி ஜெபங்கள் மாறி மாறி ஏறெடுக்கப்பட்டன. ஜெபத்தில் யாரும் யாரையும் குறுக்கிட முடியாது என்பதால் இரண்டு தரப்பும் ஜெபத்தை விரும்பின. ஐயர் கடைசிவரை கண்ணைத் திறக்கவேயில்லை.

பிறகு விவாதம். கிண்ணம் என்ற பேச்சை யாரோ எடுத்தார்கள். எவர்சில்வரா பித்தளையா என்று ஒருவர் கேட்டார். பித்தளை என்றால் அது பூஜைப் பாத்திரம்போல் ஆகிவிடும் என்றார் இன்னொருவர். எவர்சில்வர் என்றால் சாப்பாட்டுப் பாத்திரம். கண்ணாடி என்றால் விழுந்தால் உடையும், அது கெட்ட சகுனம். கிறிஸ்தவர்களுக்குச் சகுனம் உண்டா என்று தனியாக ஒரு விவாதம் நடந்தது. உண்டு என்றும் ஆனால் அதை வெளியே சொல்லக்கூடாது என்றும் முடிவானது. கமிட்டியில் ஒரே பெண் உறுப்பினரான பெண்கள் ஐக்கியச் செயலாளர், "பிள்ளைக்கு என்ன எடை இருக்கு இப்ப?" என்று கேட்டார். அவரைத் தேநீர் என்ன ஆயிற்று என்று பார்த்துவரச் சொன்னார்கள்.

ஸ்டெபி எழுந்து உள்ளே போனாள். பெனோ சேலை முந்தியைப் பிடிப்பதற்குள் போய்விட்டாள். பிள்ளையை மேசைமேல், தீர்மானப் புத்தகத்தின் பக்கத்தில் கிடத்தினாள்.

"இவதான் அது," என்றாள். "பிளக்ஸ்ல பாத்திருப்பிய. நேர்ல யாரும் இன்னும் பாக்கல."

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்து எழுந்தது. கமிட்டியார் அதைப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் யாராவது ஒருவர் தம் முன்னால் இருந்த தண்ணீர்த் தம்ளரை ஐயரின் பக்கம் தள்ளியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவர்களும் மனிதர்கள்தான், அப்படி ஒரு நினைப்பு எல்லாருக்கும் வந்தது என்று பிற்பாடு தனித்தனியாகச் சொன்னார்கள்.

அப்பாத்துரை தொண்டையைச் செருமினார். "அம்மா, அழைப்பில்லாதவங்க கூட்டத்துக்குள்ள வந்தா கூட்டமே செல்லாமப் போயிரும். இவ்வளவு நேரம் ஜெபிச்சது வீணாயிரும்லா?"

"ஒழுங்குப் பிரச்சினைதான்," என்றார் தங்கக்கண். அந்த ஆண்டில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

ஸ்டெபி பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். குழந்தையின் உடல்நிலை குறித்துக் கமிட்டி ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது என்றும், பாத்திரம் குறித்து ஆராய மூவர் குழு அமைக்கப்படுகிறது என்றும் தீர்மானம் நிறைவேறியது.

பெனோ பக்கத்து ஊர்ச் சபை ஐயரிடம் போனான். சொந்தச் சபைக் கமிட்டியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார் அவர். ஆற்றங்கரையில் கொட்டகை போட்டிருந்த ஒரு போதகரிடம் போனான். "பச்சப்பிள்ளைக்கு நாங்க குடுக்கதில்ல," என்றார் அவர். "அது பாவத்த உணரணும். ஆனா நீங்க ரெண்டு பேரும் வாங்க, இப்பவே ஆத்துல முக்கி எடுத்துருதேன்." பெனோவின் பழைய ஞானஸ்நானம் செல்லாது என்றும் அவர் சொன்னார். ஒரு ஞானஸ்நானம் தேடிப் போனவன், இருந்ததையும் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பினான்.

டாக்டர்கள் குறித்த நாள் வந்துவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் பணியில் இருந்த நர்ஸ் ரைஹானத், ஸ்டெபி பேசுவதைக் கேட்டதுமே, "நம்ம ஊரு பேச்சா இருக்கே, எங்கன உள்ளவிய?" என்றாள். அவளும் அந்தப் பக்கத்து மேலப்பாளையம். அதற்குப் பிறகு அந்த வார்டில் அவர்களுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருந்தாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் பிள்ளையைத் தியேட்டருக்குத் தயார்படுத்த வந்தாள். கையில் கட்டும் பட்டையையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, "பேரு என்ன எழுத?" என்றாள்.

ஸ்டெபி பெனோவைப் பார்த்தாள். பெனோ வராந்தாவுக்கு ஓடி ஐயருக்குப் போன் போட்டான்.

"ஐயா, இப்ப உள்ள கொண்டுபோறாவ. மூவர் குழு என்ன சொல்லிச்சு?"

"இன்னும் கூடல தம்பி. ஒருத்தருக்கு மூட்டுவலி."

"ஐயா..." என்றான் பெனோ. மறுமுனையில் சன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஐயர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணும்னாலும் குடுக்கலாம். குரு வேண்டாம், தொட்டி வேண்டாம். தண்ணி போதும். தலையில ஊத்தி, பேரச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னு சொன்னா அது பூரண ஞானஸ்நானம். நம்ம சபை முறையிலயே இருக்கு. அப்புறம் யாரும் மறுபடி குடுக்கக்கூடாது."

பெனோ சுவரில் சாய்ந்தான். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா."

"அன்னைக்கு ஆபத்து இல்லையே தம்பி. கமிட்டிதானே இருந்துச்சு." கூடவே, "நான் சொன்னேன்னு சொல்லாத," என்றார்.

பெனோ உள்ளே வந்து சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதனால் தண்ணீரை ஸ்டெபிதான் ஊற்றினாள். வார்டு மூலையில் இருந்த கேனிலிருந்து ரைஹானத் ஒரு தம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். "சில்லுனு இருக்கப்போவுது, கொஞ்சம் வெந்நி கலக்குதேன்," என்று கலந்தாள். பிள்ளையின் தலையை அவளே தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஸ்டெபி மூன்று முறை ஊற்றினாள். "ரீபா," என்றாள். உலகத்தில் அந்தப் பெயர் அந்தப் பிள்ளைக்கு முதன்முதலாகச் சொல்லப்பட்டது. பெனோ ஆமென் என்றான். ரைஹானத்தும், அவளுக்குத் தெரிந்த உச்சரிப்பில், ஆமீன் என்றாள். பட்டையில் ரீபா என்று எழுதிக் கட்டினாள்.

ரீபா பிழைத்தாள். நெஞ்சில் ஒரு நீளத் தழும்போடும், முன்பு யாரும் கேட்டிராத பெரிய அழுகைக் குரலோடும் ஊருக்கு வந்தாள். அவள் அழும்போது உதடு சிவப்பாகவே இருந்தது. பெனோவும் ஸ்டெபியும் அவளைச் சில நாள் வேண்டுமென்றே கொஞ்சம் அழவிட்டுக் கேட்டார்கள்.

பெனோ மனநிறைவோடு போய் அப்பாத்துரையிடம், ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்றும் இனி யாருக்கும் சங்கடமில்லை என்றும் சொன்னான்.

"யாரு அனுமதிச்சா?" என்றார் அப்பாத்துரை.

இரண்டு தொட்டிகளும் இல்லாமல் ஒரு ஞானஸ்நானம் நடந்துவிட்டது என்பதை இரண்டு கட்சிகளாலும் தாங்க முடியவில்லை. விசாரணை வைத்தார்கள். சாட்சி யார் என்று கேட்டார்கள். ரைஹானத்துக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தார்கள்.

"தண்ணி எங்க உள்ளது?" என்று அப்பாத்துரை கேட்டார்.

"கேன் தண்ணி சார். கொஞ்சம் வெந்நி கலந்தேன்."

"வெந்நி," என்று தங்கக்கண் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

"நீங்க எந்தச் சபை அம்மா?"

"நான் மேலப்பாளையம்."

"மேலப்பாளையத்துல எந்தச் சபை?"

"பள்ளிவாசலுக்குப் பின்னால வீடு சார்."

கமிட்டியார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரைஹானத்தின் குரல் மறுபடியும் வந்தது. "அந்தப் பிள்ளை திரும்பி வருமான்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது சார். அவங்க அம்மா கை நடுங்காம ஊத்துனாங்க. நான் பாத்தேன். வேற என்ன சாட்சி வேணும் உங்களுக்கு? வார்டுல வேலை கெடக்கு, வச்சிருதேன்."

ஐயரின் கருத்தைக் கேட்டார்கள். இதில் ஆழமான இறையியல் இருக்கிறது என்றார் ஐயர். ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்தது 'அவசரகால நீர்த்தெளிப்பு' என்றும், அது ஞானஸ்நானம் ஆகாது என்றும் தீர்மானம் போட்டார்கள். இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. சேர்ந்து ஒரு காரியம் செய்த ருசி அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

சபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருநாள் பாளையங்கோட்டையில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து பேசினார்கள். சபைச் செயலாளர் பதவி அப்பாத்துரைக்கே, பள்ளித் தாளாளர் பதவி தங்கக்கண்ணுக்கு என்று சமாதானம் உண்டானது. வழக்கு வாபஸ் ஆனது. பழைய தொட்டியைக் கோயில் வாசலில் வைத்து குரோட்டன்ஸ் நட்டார்கள். பேராயர் தேதி கொடுத்தார். துபாய்ப் பேரனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே புதிய தொட்டியில் முதல் ஞானஸ்நானம் ரீபாவுக்கு என்று அப்பாத்துரை அறிவித்தார். அதைத் தம் தியாகம் என்றார்.

புதிய பிளக்ஸில் அப்பாத்துரை ஒரு பக்கம், தங்கக்கண் ஒரு பக்கம், நடுவில் ரீபா. 'சமாதானத்தின் குழந்தை'.

"ஒரு வார்த்ததான் வே," என்றார் அப்பாத்துரை பெனோவிடம். "இதுக்கு முன்ன ஞானஸ்நானம் ஆயிருக்கான்னு பேராயர் கேப்பாரு. அது முறை. இல்லன்னு சொல்லிரும். ஆச்சுன்னு சொன்னா அவரு புத்தகத்த மூடிட்டுப் போகணும். அவ்வளவு செலவும் வீணு. உம்ம ஃபைலு இப்ப புதுத் தாளாளர்ட்டப் போற நேரம்."

பெனோ அதை ஸ்டெபியிடம் சொன்னபோது அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லுவியளா?" என்று மட்டும் கேட்டாள்.

பெனோ பாட்டு ஒத்திகைக்குக் கிளம்பினான்.

பிரதிஷ்டை நாளன்று கோயில் கொள்ளாத கூட்டம். அப்பாத்துரையின் மனைவியும் தங்கக்கண்ணின் மனைவியும் ஞானத்தாய்மார். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ரீபா போய்க்கொண்டிருந்தாள். பெற்றவள் கை சும்மா இருந்தது. பிளாஸ்டிக் தாளை உருவியதும் பளிங்கு கண்ணைப் பறித்தது. பேராயர் புத்தகத்தைத் திறந்து வாசித்தார்.

"இந்தக் குழந்தை இதற்கு முன் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறதா, இல்லையா?"

ஒலிவாங்கியைப் பெனோவின் வாயருகே நீட்டினார்கள்.

"ஆச்சு," என்றாள் ஸ்டெபி.

அவளிடம் ஒலிவாங்கி இல்லை. ஆனாலும் முன்வரிசைகள் எல்லாவற்றுக்கும் கேட்டது. பேராயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். பேராயர் கேள்வியை இன்னொரு முறை வாசித்தார், இந்தத் தடவை பெனோவை மட்டும் பார்த்து.

பெனோவின் குரல் நல்ல குரல். கடைசி வரிசையில் நின்றாலும் வாசல்வரை கேட்கும். ஒலிவாங்கியில் அது தெருவரை கேட்டது.

"இல்லை."

பாடகர் குழு உடனே எழுந்து பாடியது. அவன் இல்லாததால் கீழ்க்குரல் மெலிந்திருந்தது. பேராயர் தண்ணீரை அள்ளி ஊற்றினார். ரீபா அலறினாள். எவ்வளவு ஆரோக்கியமான குரல் என்று எல்லாரும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பிரியாணிப் பந்தியில் புதிய தாளாளர் தங்கக்கண் பெனோவின் தோளில் கைபோட்டார். "ஏலே, உன் ஃபைலு வந்துச்சு. ஆனா அது முந்துன ஆளு பாத்த ஃபைலு. நான் முதல்லருந்து பாக்கணும்லா? கிறிஸ்துமஸ் முடியட்டும்." பெனோ அதற்கும் தலையை ஆட்டினான். தட்டைக் கழுவ வைத்துவிட்டுத் தேடினான். ஸ்டெபியைக் காணவில்லை. ஞானத்தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள்.

வீட்டில் அவள் வெள்ளைக் கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். முடி எப்போதோ காய்ந்திருக்கும். அவள் நிறுத்தவில்லை.

"ஸ்டெபி," என்றான் பெனோ. "நான் என்ன செய்ய? வேலைய நெனச்சுத்தான்..."

"தெரியும்."

அவன் கதவருகே உட்கார்ந்தான். அவள் பிள்ளையின் காதுமடலுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் துண்டை நுழைத்துத் துடைத்தாள். ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் துடைத்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் ஊத்துனத நான் தொடைக்கல," என்றாள். "அது தானா காய்ஞ்சுச்சு."

துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, ரீபாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.